போன் தொலைந்த பிறகு கணக்கிலிருந்து போகும் பணம் யார் தலையில் விழும்?

போன் தொலைந்துவிட்டது என்று தெரிந்ததும் நாம் எல்லோரும் செய்யும் முதல் வேலை ஒன்றுதான். பக்கத்தில் இருப்பவரிடம் போனை வாங்கி நம் நம்பருக்கு அடித்துப் பார்ப்போம். ரிங் போகும், யாரும் எடுக்க மாட்டார்கள். மறுபடி அடிப்போம். வந்த வழியே திரும்பிப் போய்க் கடை கடையாக விசாரிப்போம், ஆட்டோக்காரரைத் தேடுவோம். கடைசியில் "ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது" என்று குரல் வரும்போது இரண்டு மணி நேரம் போயிருக்கும். போனை எடுத்தவனுக்கு அந்த இரண்டு மணி நேரம் தாராளம். இங்கே நான் சொல்லப்போவது போனைக் கண்டுபிடிப்பதைப் பற்றி இல்லை. போன் போன பிறகு நமக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போனால் அது யார் தலையில் விழும், அது நம் தலையில் விழாமல் இருக்க எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைப் பற்றி. இந்தியாவில் இதற்குத் தெளிவான விதி இருக்கிறது. அது தெரியாததால்தான் பாதிப் பேர் பணத்தை விட்டுவிடுகிறார்கள்.

என் சித்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆடித் தள்ளுபடி சமயம், சனிக்கிழமை சாயங்காலம், தி.நகர் ரங்கநாதன் தெரு. அந்தக் கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. வெளியே வந்து பார்த்தால் கைப்பையின் ஜிப் திறந்திருக்கிறது, போன் இல்லை. போனுக்குப் போட்டிருந்தது புத்தகம் மாதிரி திறக்கும் உறை. அதன் உள்பக்கம் ஏடிஎம் கார்டைச் செருகி வைத்திருந்தார், கையோடு இருக்கட்டும் என்று. என் தங்கையும் அவரும் ராத்திரி ஒன்பது மணி வரை அங்கேயே சுற்றித் தேடிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். "போன்ல தான் லாக் போட்டிருக்கே, அவனால என்ன செய்ய முடியும்" என்பது சித்தியின் நம்பிக்கை. மறுநாள் ஞாயிறு, வங்கி கிடையாது என்று இருந்துவிட்டார்கள். திங்கள் காலை பத்து நாற்பதுக்குக் கிளைக்குப் போய் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டபோது மூன்று வரிகள் புதிதாக விழுந்தன: 4,850 ரூபாய், 5,000 ரூபாய், 24,999 ரூபாய். மொத்தம் 34,849.

போனில் லாக் இருந்தும் இது எப்படி நடந்தது? இந்த இடம் புரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும். திருடனுக்கு உங்கள் போன் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, உள்ளே இருக்கும் சிம் கிடைத்தால் போதும். ஒரு ஊசியால் சிம் டிரேயை வெளியே இழுத்து, அந்தச் சிம்மைத் தன்னிடம் இருக்கும் வேறு போனில் போட்டால், உங்களுக்கு வரவேண்டிய ஓடிபி எல்லாம் அவனுக்கு வரும். வங்கி உங்களை அடையாளம் காண்பது பெரும்பாலும் அந்த நம்பரை வைத்துத்தான். நம்பர் கையில் இருப்பவர்தான் நீங்கள் என்று அது நினைத்துக்கொள்கிறது. கூடவே ஏடிஎம் கார்டும் கிடைத்துவிட்டால் கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்கம் இருக்கும் மூன்று இலக்க எண் எல்லாம் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. ஆன்லைன் கடையில் பொருள் வாங்க அதோடு ஓடிபி மட்டும் சேர்ந்தால் போதும். சித்தியின் 24,999 அப்படித்தான் போனது.

5,000 ரூபாய் போனது யுபிஐ வழியாக. புதிய போனில் ஒரு யுபிஐ செயலியை நிறுவினால் அது முதலில் உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி நம்பரை உறுதிசெய்துகொள்ளும், அந்த நம்பரோடு இணைந்த வங்கிக் கணக்கைத் தானே கண்டுபிடித்துக் காட்டும். பிறகு யுபிஐ பின் தெரியாவிட்டால் புதிதாக வைத்துக்கொள்ள வழி கொடுக்கும். அதற்குப் பல வங்கிகள் கேட்பது கார்டின் கடைசி ஆறு இலக்கங்கள், காலாவதி மாதம், வருடம், ஒரு ஓடிபி. சில வங்கிகள் மட்டும் ஏடிஎம் பின்னையும் கேட்கும், அது இருந்தால் திருடன் அங்கே நின்றுவிடுவான். புதிய போனில் யுபிஐ தொடங்கினால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் அனுப்ப முடியும் என்று ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. சித்தியின் கணக்கில் அந்தத் தொகை அவ்வளவு கச்சிதமாக நின்றதற்குக் காரணம் அதுதான். அந்த 24 மணி நேரம் உங்களுக்காக வாங்கித் தரப்பட்ட அவகாசம். அது முடிவதற்குள் தடுத்துவிட வேண்டும்.

மீதி இருக்கும் 4,850 ரூபாய்க்கு எந்தப் பின்னும் தேவைப்படவில்லை. கார்டில் வைஃபை மாதிரி வளைவுக் கோடுகள் போட்டிருக்கும் பாருங்கள், அப்படிப்பட்ட கார்டைக் கடையில் இயந்திரத்தின் மேல் காட்டினாலே போதும், 5,000 ரூபாய் வரை பின் கேட்காது. 2021 ஜனவரி 1 முதல் இந்த வரம்பு. அதே மாதிரி யுபிஐ லைட்டில் போட்டு வைத்திருக்கும் பணத்துக்கும் பின் கிடையாது, போன் திறந்த நிலையில் கிடைத்துவிட்டால் அது போனதுதான்.

இப்போது விதிக்கு வருவோம். இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று எல்லா வணிக வங்கிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் மின்னணு முறையில் பணம் போனால் அவருடைய பொறுப்பு எவ்வளவு என்பதை வரையறுக்கும் சுற்றறிக்கை அது. கூட்டுறவு வங்கிகளுக்கும் அதே ஆண்டு டிசம்பரில் இதே போன்ற விதி வந்தது, வங்கி அல்லாத வாலட் நிறுவனங்களுக்கு 2019 ஜனவரியில் வந்தது. அதன் சாரம் இதுதான். தவறு வங்கி பக்கம் இருந்தால், நீங்கள் புகார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, நடுவில் எங்கேயோ மூன்றாம் ஆள் புகுந்திருக்கிறான் என்றால், பணம் போன தகவல் உங்களுக்கு வந்ததிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொன்னால் அப்போதும் நஷ்டம் பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால் ஒரு பரிவர்த்தனைக்கு ஒரு உச்சவரம்பு உண்டு: ஜன்தன் மாதிரியான அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய், நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் 10,000 ரூபாய், அதற்கு மேல் வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் பெரிய நடப்புக் கணக்குகளுக்கும் 25,000 ரூபாய். போன தொகை இதைவிடக் குறைவு என்றால் அந்தத் தொகைதான் வரம்பு. ஏழு நாளும் தாண்டிவிட்டால் அந்தந்த வங்கியின் நிர்வாகக் குழு வகுத்திருக்கும் கொள்கைப்படி நடக்கும்.

நாளை எப்படி எண்ணுவது என்பதில் பலர் குழம்புகிறார்கள். தகவல் வந்த நாளைச் சேர்க்கக் கூடாது. உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாட்களை மட்டும் எண்ண வேண்டும். செவ்வாய் மத்தியானம் எஸ்எம்எஸ் வந்தது என்றால் புதன், வியாழன், வெள்ளி ஆகியவை அந்த மூன்று நாட்கள். இடையில் ஞாயிறோ அரசு விடுமுறையோ வந்தால் அது கணக்கில் வராது. இதைக் கேட்டுவிட்டு "அப்போ நிதானமா போகலாம்" என்று தயவுசெய்து நினைக்காதீர்கள், ஏன் என்று அடுத்த பத்தியில் சொல்கிறேன்.

நான்காவதாக ஒரு நிலை இருக்கிறது, போன் தொலைந்த வழக்குகளில் வங்கி எப்போதும் பிடித்துக்கொள்வது இதைத்தான். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனது என்றால், அதாவது பின்னையோ ஓடிபியையோ யாரிடமாவது சொல்லிவிட்டார் என்பது மாதிரி, வங்கியிடம் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட முழு நஷ்டமும் வாடிக்கையாளருடையது. ஆனால் அதே வரியின் தொடர்ச்சியைப் படியுங்கள். தெரிவித்த பிறகு ஏற்படும் எந்த நஷ்டமும் வங்கியுடையது. அதாவது தவறு உங்கள் மேலேயே இருந்தாலும், நீங்கள் சொன்ன அந்த நிமிடத்தோடு உங்கள் பொறுப்பு முடிந்துவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன். போன் தொலைந்த நேரம், பணம் போன நேரம் என்று நாம் புலம்பிக்கொண்டிருப்போம், விதி பார்ப்பது வங்கியிடம் சொன்ன நேரத்தை. அது எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு பணம் உங்களுடையது. அதனால்தான் தேடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். பணம் எதுவும் போகாத நிலையிலும், "என் போனும் சிம்மும் என்னிடம் இல்லை, இனி வரும் எந்தப் பரிவர்த்தனையும் நான் செய்வதில்லை" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் போன் சோபாவுக்கு அடியில் கிடைத்தாலும் பரவாயில்லை, தடையை நீக்கிக்கொள்ளலாம்.

கவனக்குறைவு என்று வங்கி சொல்லிவிட்டால் அதோடு முடிந்ததா என்றால், இல்லை. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டிய கடமை வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. கவுன்டரில் "ஓடிபி போட்டுத்தான் பணம் போயிருக்கு, அப்போ நீங்கதான் கொடுத்திருக்கணும்" என்பார்கள். சிம் திருட்டுப்போனால் யாரிடமும் கொடுக்காமலேயே ஓடிபி போகும் என்பதை மேலே பார்த்தோம். நான் யாரிடமும் பின்னையோ ஓடிபியையோ சொல்லவில்லை, சிம் திருடப்பட்டது, இதோ போலீஸ் ரசீது என்று எழுத்தில் கொடுத்துவிட்டு, நான் சொன்னேன் என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று நிதானமாகக் கேளுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பணம் போன எஸ்எம்எஸ் வருவது அந்தத் தொலைந்த நம்பருக்குத்தானே, நமக்கு எப்படித் தெரியும்? வங்கியின் பதிவேட்டில் எஸ்எம்எஸ் அனுப்பியாகிவிட்டது என்று இருக்கும், அவர்கள் நாளை அங்கிருந்து எண்ணுவார்கள். உங்கள் கையில் சிம் இல்லை என்பதைக் காட்ட, சிம்மை முடக்கச் சொன்ன புகார் எண்ணும் புதிய சிம் வாங்கிய ரசீதும் தேவைப்படும். சின்னத் தாள்தானே என்று அதைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சரி, வரிசைக்கு வருகிறேன். முதல் வேலை சிம்மை முடக்குவது. அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் யாராவது பக்கத்தில் இருந்தால் அவர் போனிலிருந்து வாடிக்கையாளர் சேவைக்கு அழைப்பது சுலபம். உங்கள் பெயர், முகவரி, கடைசியாக ரீசார்ஜ் செய்த தொகை மாதிரி ஏதாவது கேட்பார்கள், சொன்னால் முடக்கிவிடுவார்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சிம்மை முடக்கியதும் புதிய ஓடிபி போவது நின்றுவிடும், ஆனால் அதோடு எல்லா வழியும் அடைபட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். அதற்குள் வேறு போனில் யுபிஐ பதிவாகியிருந்தால் அதில் பின் போட்டு அனுப்ப ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவைப்படாது. அதனால் வங்கியிடம் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

வங்கியை அழைக்கும்போது "கார்டை பிளாக் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னால் கார்டை மட்டும்தான் பிளாக் பண்ணுவார்கள். ஏடிஎம் கார்டு, யுபிஐ, நெட் பேங்கிங், மொபைல் பேங்கிங் நான்கையும் பெயர் சொல்லி முடக்கச் சொல்லுங்கள். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால் இரண்டுக்கும். இந்தப் புகாரை வாங்க வங்கிகள் 24 மணி நேரமும் வழி வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே 2017 விதியில் இருக்கிறது, அதனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்றாலும் சொல்ல இடம் உண்டு. எண்ணைத் தேடும்போது மட்டும் ஜாக்கிரதை. கூகுளில் வங்கியின் பெயரைப் போட்டுத் தேடினால் மோசடிக்காரர்கள் போட்டு வைத்திருக்கும் போலி எண்களும் வரும். கார்டின் பின்பக்கம், பாஸ்புக், வங்கியின் சொந்த இணையதளம் ஆகிய மூன்றில் ஒன்றிலிருந்து மட்டும் எண்ணை எடுங்கள். பேசி முடித்ததும் வீட்டில் யாருடைய மின்னஞ்சலிலிருந்தாவது, உங்களுடையது திறக்க முடியாவிட்டால், வங்கிக்கு நான்கு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போன் போனது, எத்தனை மணிக்கு அழைத்துச் சொன்னேன், புகார் எண் என்ன. நேரம் அதில் தானாகப் பதிவாகிவிடும்.

பணம் போயிருக்கிறது என்று தெரிந்தால் அடுத்து 1930. இது இணைய நிதி மோசடிக்கான தேசிய உதவி எண், தமிழ்நாட்டிலிருந்து அழைத்தால் தமிழிலேயே பேசலாம். நீங்கள் சொல்லும் விவரத்தை வைத்து, பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போகும், அங்கே பணம் இன்னும் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து வேறொன்றுக்கும் தாவிக்கொண்டே இருக்கும் என்பதால் இங்கே நிமிடங்கள்தான் கணக்கு. கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். யுபிஐ என்றால் அந்த எண் 12 இலக்கம், ஸ்டேட்மென்டில் இருக்கும். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் அதே புகாரை முழுமையாகப் பதிவு செய்து ஒப்புகையை அச்செடுத்து வையுங்கள். ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நிறுத்தி வைத்த பணம் உடனே உங்கள் கணக்குக்கு வந்துவிடாது. பல நேரங்களில் நீதிமன்ற உத்தரவு கேட்பார்கள், மாதங்கள் ஆகலாம்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் நமக்குத் தருவது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டதற்கான ரசீது. அதை வாங்காமல் திரும்பாதீர்கள், வங்கி, சிம் கடை, போனை முடக்கும் தளம் எல்லாமே அதைக் கேட்கும். புகாரில் போனின் ஐஎம்இஐ எண்ணை எழுத வேண்டும், அது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண், போன் வாங்கிய பெட்டியிலும் பில்லிலும் இருக்கும் 15 இலக்க எண். அப்புறம் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம். 2023 மே மாதம் நாடு முழுவதும் வந்தது. அதில் சி.எஸ்.ஆர். நகலை ஏற்றி, ஐஎம்இஐயைக் கொடுத்தால் அந்தப் போன் இந்தியாவில் எந்த நிறுவனத்தின் சிம் போட்டாலும் வேலை செய்யாதபடி முடக்கப்படும். இதற்கு ஓடிபி உங்கள் நம்பருக்கே வரும், அதனால் முதலில் அதே நம்பரில் மாற்று சிம் வாங்கியிருக்க வேண்டும். மாற்று சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. சிம் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து திரும்பக் கடைக்கு ஓட வேண்டாம், திருட்டுத்தனமாக மாற்று சிம் வாங்குகிறவர்களைத் தடுக்க வைத்திருக்கும் ஏற்பாடு அது.

வங்கியிடம் எழுத்தில் புகார் போன பிறகு நடக்க வேண்டியது இது. உங்கள் பொறுப்பு பூஜ்யம் அல்லது வரம்புக்குட்பட்டது என்ற நிலையில், புகார் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை வங்கி உங்கள் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், பணம் போன தேதியிட்டே வைக்க வேண்டும், அதனால் வட்டியும் குறையாது. 90 நாட்களுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். முடிவு சொல்ல முடியவில்லை என்றால் விதிப்படியான தொகையைக் கொடுத்துவிட வேண்டும். கவுன்டரில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, பாவம் அவர்களுக்கு ஆயிரம் வேலை. அதனால் புகார் கடிதத்திலேயே "ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் பாதுகாப்பு விதிகளின்படி" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி கடிதத்தை வேறு மேசைக்குக் கொண்டுபோகும். முப்பது நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இணையத்திலேயே பதியலாம், கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். சந்தேகம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

சித்தி கதை பாதியில் நிற்கிறது. திங்கள் காலை கிளையில் விஷயத்தைச் சொன்னதும், "பிளாக் பண்ணிடறோம்மா, நீங்க போயிட்டு வாங்க" என்றார்கள். சித்தி எழுந்துவிட்டார். தங்கை மட்டும் நகராமல், அங்கேயே ஒரு வெள்ளைத் தாளில் நடந்ததை எழுதி, ஜெராக்ஸ் எடுத்து வந்து, நகலில் சீலும் கையெழுத்தும் கேட்டாள். சீல் வைத்தார்கள். "சார், டைமும் போட்டுடுங்க" என்றாள். 10.55 என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே 12.10 மணிக்கு யுபிஐயில் இன்னும் 9,600 ரூபாய் போனது, ஏனென்றால் கார்டை முடக்கிய கிளை யுபிஐயை முடக்கவில்லை. அந்த 9,600 முழுவதும் திரும்பி வந்தது, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. 10.55 என்று எழுதிய அந்தத் தாள்தான் காரணம். 24,999க்குப் போட்ட ஆன்லைன் ஆர்டர் இன்னும் கூரியரில்தான் இருந்தது, அன்று சாயங்காலமே 1930க்குச் சொன்னதில் அது ரத்தாகிப் பணம் கணக்குக்கு வந்துவிட்டது. மீதி 9,850 ரூபாய் வரவில்லை. கார்டைப் போனோடு வைத்திருந்தது கவனக்குறைவு என்று வங்கி எழுதிவிட்டது, சித்தி அலைய முடியாது என்று விட்டுவிட்டார். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். மூன்று வேலை நாளுக்குள் சொல்லியாகிவிட்டது, பின்னை யாரிடமும் சொல்லவில்லை. குறைதீர்ப்பாளரிடம் போயிருக்க வேண்டிய வழக்கு அது என்று இன்றைக்கும் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போஸ்ட்பெய்டு இணைப்பு என்றால் போன் பில்லிலும் அடி விழலாம், வெளிநாட்டு அழைப்பு, தெரியாத சந்தா என்று. ரிசர்வ் வங்கி விதி இதற்கு உதவாது. சிம்மை முடக்கச் சொன்ன நேரத்துக்குப் பிறகான தொகையை மறுத்து நிறுவனத்திடம் புகார் கொடுங்கள், தீராவிட்டால் அதே நிறுவனத்தில் மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார். கேட்காமல் ஒட்டிக்கொண்ட சந்தாக்களை நீக்க 155223 எண் இருக்கிறது.

இரண்டு விஷயங்களைப் பிறகும் சில வாரம் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று, கடன். வங்கிச் செயலியிலேயே "முன் அனுமதி பெற்ற கடன்" என்று தயாராக இருக்கும், உள்ளே புகுந்தவன் அதை உங்கள் பெயரில் எடுத்துவிட்டுப் போக முடியும். ஒரு மாதம் கழித்து, உங்கள் பெயரில் இருக்கும் கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கையை ஒருமுறை பாருங்கள், உங்களுக்குத் தெரியாத கடன் இருந்தால் உடனே எழுத்தில் மறுத்துவிடுங்கள். இரண்டு, ஒரு எஸ்எம்எஸ். மாற்று சிம் வாங்கிய சில நாளில் "உங்கள் தொலைந்த போன் கிடைத்துவிட்டது, இருக்கும் இடத்தைப் பார்க்க அழுத்தவும்" என்று ஒரு இணைப்பு வரும், குறிப்பாக ஐபோன் தொலைத்தவர்களுக்கு. அதை அழுத்தினால் ஆப்பிள் பக்கம் மாதிரியே ஒன்று திறந்து பாஸ்வேர்டைக் கேட்கும். போட்டுவிட்டால் போன் முழுவதும் அவன் வசம். போன் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருக்கும் மனசைக் குறிவைத்து அனுப்பும் செய்தி அது, எத்தனையோ கவனமானவர்கள் அதில் விழுந்திருக்கிறார்கள்.

போன் இன்னும் தொலையாதவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. சிம்முக்கு பின் வையுங்கள். போனுக்கு வைக்கும் லாக் வேறு, இது வேறு. செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் சிம் லாக் என்று இருக்கும். அதை வைத்துவிட்டால் சிம்மை எந்தப் போனில் மாற்றிப் போட்டாலும் முதலில் அந்த எண்ணைக் கேட்கும், மூன்று முறை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். அப்புறம் நிறுவனம் தரும் பிளாக் நீக்கும் எண் இல்லாமல் திறக்காது. மேலே சொன்ன திருட்டு முழுக்கச் சிம்மை மாற்றிப் போடுவதில்தானே தொடங்குகிறது, இந்த நான்கு இலக்கம் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். வைக்கும்போது நிறுவனம் கொடுத்த பழைய எண்ணைக் கேட்கும், தெரியாமல் குத்துமதிப்பாகப் போடாமல் அவர்களிடம் கேட்டுப் போடுங்கள். போன் உறையில் கார்டு வைக்காதீர்கள். பூட்டிய திரையில் எஸ்எம்எஸ் எழுத்துகள் தெரியாதபடி மாற்றுங்கள், இல்லாவிட்டால் சிம்மைக் கழற்றக்கூட வேண்டாம், ஓடிபியை அப்படியே படித்துவிடலாம். வங்கிச் செயலியில் கார்டைக் காட்டிச் செலுத்துவதையும் ஆன்லைனில் வாங்குவதையும் தனித்தனியாக நிறுத்தி வைக்க, தினசரி வரம்பைக் குறைக்க வசதி இருக்கிறது. *#06# என்று அடித்து வரும் ஐஎம்இஐ எண்களை, இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும், கார்டின் பின்பக்க உதவி எண்ணோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போனிலேயே சேமித்து வைத்தால் அது போனோடு போய்விடும். என் சித்தி இப்போது அதை மளிகைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார், வீட்டில் யார் தேடினாலும் கிடைக்கும்.

போன் எப்போதாவது திரும்பக் கிடைத்தால், போலீஸ் கூப்பிட்டுக் கொடுப்பதும் நடக்கிறது, உடனே சிம்மைப் போட்டு ஆன் செய்தால் வேலை செய்யாது. சஞ்சார் சாத்தி தளத்திலேயே, முடக்கியபோது கொடுத்த கோரிக்கை எண்ணைப் போட்டுத் தடையை நீக்க வேண்டும். யார் கையில் எவ்வளவு நாள் இருந்தது, உள்ளே என்ன நிறுவியிருக்கிறார்கள் என்று தெரியாது என்பதால், முழுமையாக அழித்துவிட்டு, அதன் பிறகே வங்கிச் செயலிகளை ஏற்றுங்கள்.